கொசுறு மட்டை

என் வீட்டுக்காரர் யாரையும் கை நீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. மாட்டைக்கூட அடிக்க மாட்டார். ஏர் ஓட்டும்போது குச்சியைக் காற்றில்தான் வீசுவார். அப்படிப்பட்ட மனுஷன் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பந்தை அடிக்கப் போனார். அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் முகம் கறுத்து வீட்டுக்கு வந்தார். இன்னாங்க என்று கேட்டால் கோல்ப் என்றார். நல்லா இருக்குதே கூத்து என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் பேரை நான் வாயால் சொல்லக் கூடாது. எழுதினால் தோஷமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்: ஜம்புலிங்கம். ஊர் முத்தாபுதுப்பேட்டை. நான் வரலட்சுமி, அயனம்பாக்கத்திலிருந்து வாழ வந்தவள். வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கு வந்தது. நிலத்தில் பாதியை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிட்டு, அந்தக் கிடங்கில் சாமான் எண்ணி இறக்குகிற வேலைக்குப் போனார்.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். நாகேந்திரன். நாகு, நாகு என்று தோளை விட்டு இறக்க மாட்டார். மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. அதோடு இவர் பேச்சும் போய்விட்டது. சோறு போடட்டுமா என்றால் தலையை ஆட்டுவார், குழம்பு போதுமா என்றால் கையைக் காட்டுவார். பையன் பேரை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. அழுதாலாவது பரவாயில்லை, அதுவும் இல்லை. வீட்டில் ஒரு ஆள் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கும் என் மாமியார் முத்தம்மாளுக்கும்தான் தெரியும்.

அந்த நேரத்தில்தான் கோல்ப் வந்தது. கிடங்குக்கும் எங்கள் ஏரிக்கும் நடுவில் இருந்த மேய்ச்சல் தரையில், அங்கே இருந்த கேப்டன் துரை ஒன்பது குழி தோண்டிவைத்திருந்தார். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலை வட்டமாகப் பரப்பி, அதன் நடுவில் ஒரு கொடி. மற்றபடி எங்கள் மாடு மேய்கிற அதே தரைதான். நானும் குப்பம்மாவும் மற்ற பொம்பளைகளும் அங்கே புல் அறுத்துக்கொண்டே வேடிக்கை பார்ப்போம். கேப்டனோடு விளையாடின துரைமாரெல்லாம் பர்மா பக்கம் போய்விட்டார்கள். ஆள் இல்லாமல் தவித்தவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கிடங்கு ஆட்களும் வந்து ஆடலாம் என்று சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிறு இவர் யாரிடமோ மட்டை இரவல் வாங்கி ஆடிவிட்டு வந்தார். தட்டு முன்னால் உட்கார்ந்தவர் திடீரென்று பேசினார்.

"வரலட்சுமி, இன்னா ஆச்சி தெரியுமா? பந்து நேரா எலி வளைக்குள்ள பூந்துகிச்சி. தொரையும் நானும் மண்ணைத் தோண்டிகினு கெடந்தோம். எலி வந்துச்சி, பந்து வரல!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி, புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அத்தை மட்டும் வாய் விட்டே சொன்னார்: "அந்தத் தொரை நல்லா இருக்கணும்."

இரவல் மட்டை எத்தனை நாளைக்கு? "சொந்தமா வாங்கிகினு வந்துடுங்க" என்று நானே அவரைக் கிளப்பினேன். கிடங்கில் ஹெட் கிளார்க் ராஜசேகரன், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் தோல் பையோடு முழு செட் வாங்கிவைத்திருந்தார். எங்களுக்கு அதெல்லாம் ஆகிற காரியமா? மூர் மார்க்கெட்டில் பழசு கிடைக்கும் என்று தஸ்தகீர் பாய் சொன்னார். பாய் பூந்தமல்லிக்காரர், கிடங்கில் இவரோடு வேலை செய்பவர். அவருடைய மாமாவுக்கு இரும்புச் சாமான் கடை. மண்வெட்டி, கடப்பாரை எதுவானாலும் தட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். அவரை விட்டால் வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவது? மூன்று பேரும் ரயில் ஏறினோம். எனக்கு வளையல் சாக்கு.

கடைக்காரர் ஒரு கட்டு மட்டையை முன்னால் சாய்த்தார். "ஒவ்வொண்ணும் ஒரு தினுசு நைனா. நெட்டை, குட்டை, சாஞ்சது, நிமிந்தது. தினுசுக்கு ஒண்ணா எட்த்துக்கோ."

தஸ்தகீர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மாமே, எங்களைப் பார்த்தா எப்டி கீது? ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டைன்னு கழிச்சிக் கட்டினதைத் தள்ளப் பாக்கிறியா? ஜோடி சேராத மாட்டை எவனாவது வாங்குவானா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உயரம் பொருந்தி, கொம்பு பொருந்தி, நடை பொருந்தினால்தானே ஏர் மாடு. இவரும் தலையை ஆட்டினார். கடை முழுக்கக் குடைந்து, அச்சில் வார்த்த மாதிரி ஒரே நீளம், ஒரே முகம் உள்ள நாலு மட்டையைப் பொறுக்கினோம். முகம் நன்றாக அகலமாக, மல்லாந்து சாய்ந்திருந்தது. அகலமாக இருந்தால் பந்து தப்பாது என்பது பாயின் கணக்கு. தட்டிப் பார்த்து, "கணீர்ன்னு கீது அண்ணாத்தே" என்றார். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

இவரும் பாயும் கிளம்பிவிட்டார்கள். நான் நகரவில்லை.

"கொசுறு எங்க?" என்றேன்.

"இன்னாம்மா, இது இன்னா கத்திரிக்கா கடையா?"

"நாலு வாங்கிகினு போறோம். கறிவேப்பில வாங்கினாக்கூட ஒரு கொத்து சேத்து குடுப்பான். நீ இன்னா இப்டி கீற?"

வாங்க வந்த இன்னொருத்தர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் வழியை விடவில்லை. கடைக்காரர் மூலையில் கையை விட்டு, ஒட்டடையோடு ஒரு ஒற்றை மட்டையை உருவினார். "இந்தா தாயீ, எட்த்துகினு போ. இத்தை எவனும் சீந்த மாட்டேன்றான்." தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? நான் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் எவனும் சீந்தவில்லை என்பது கேப்டன் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதன் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இடது கைக்காரர்களுக்காகச் செய்த மட்டையாம்.

"சீ! பீச்சாங்கை மட்டையா?" என்று அத்தை தொடாமலே தள்ளி நின்றார். "இவனும் சின்னப் புள்ளையில எதுக்கெடுத்தாலும் பீச்சாங்கையத்தான் நீட்டுவான். சோத்துல கூட அந்தக் கைதான் போவும். துணியால இடுப்போட சேத்துக் கட்டிப் போட்டேன். அழுது அழுது சோத்துக்கைக்கு வந்தான். இப்ப ஊட்டுக்குள்ள இது வேறயா?"

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. நாகுவும் அப்படித்தான். பொரித்த வடகத்தைக் கண்டால் இடது கையைத்தான் நீட்டுவான். அத்தை அந்தக் கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். இவர் அதைப் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிடுவார்.

கொசுறு மட்டை மாட்டுக்கொட்டகைப் படலுக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டது. அந்த வேலைக்கு நன்றாகவே இருந்தது.

ஜோடி மட்டை நாலும் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதை ஏன் கேட்கிறீர்கள்! ராஜசேகரன் பார்த்த உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "யோவ் ஜம்புலிங்கம், நாலும் ஒரே மட்டைய்யா! பள்ளத்துல மாட்டின பந்தை மேல தூக்குற மட்டை. தூரம் போறதுக்கு வேற மட்டை வேணும்யா." இவருக்கு ரோஷம். ஜோடி பார்த்து வாங்கியதை ஒருத்தர் சிரித்தார் என்பதற்காகக் கொண்டுபோய்த் திருப்புவாரா?

கடைசிக் குழிக்குப் போக ஏரியின் ஒரு மூலையைத் தாண்டி அடிக்க வேண்டும். மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. நான் புல் கட்டோடு கரையில் நின்று பார்ப்பேன். இவர் மூச்சைப் பிடித்து ஓங்குவார். பந்து ஜிவ்வென்று மேலே மேலே ஏறும், பருந்து பறக்கிற உயரத்துக்குப் போகும். அப்புறம் அப்படியே செங்குத்தாக இறங்கித் தண்ணீருக்கு நடுவில் ப்ளக். தஸ்தகீர் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் துழாவித் தேடுவார். பாதி நாள் பந்துக்குப் பதில் நத்தைதான் கிடைக்கும். "இன்னாய்யா, ஏரியில மீனுக்கு முட்டை வெக்கிறியா?" என்பார் ராஜசேகரன்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து அதையெல்லாம் சொல்லுவார். கோபமாகச் சொல்லுவார், காற்றைத் திட்டுவார், தரை மேடு பள்ளம் என்பார், கொக்கு குறுக்கே போனது என்பார். எனக்கு அதுவே போதும். அந்த ஏரி எத்தனை பந்தை வேண்டுமானாலும் விழுங்கட்டும், என் புருஷன் பேசினால் சரி.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, வெகுநேரம் தரையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம், சாமி மாடத்தில் எல்லம்மனுக்கு அத்தை கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் திரும்பி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்!" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு ஹெட் கிளார்க்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. விறுவிறுவென்று வந்தார். எரிகிற கற்பூரத்தின் மேல் வலது கையை ஓங்கி அடித்து அணைத்தார்.

"ஆத்தா மேல ஆணை. மாட்டுப் பொங்கலுக்குள்ள அந்தத் தண்ணியத் தாண்டி அடிக்கலன்னா, இந்தக் கையால மட்டைய இனிமே தொட மாட்டேன்!"

கற்பூரம் அடித்த சத்தியம் என்றால் எங்கள் ஊரில் கோர்ட்டு தீர்ப்புக்கும் மேலே. "அடப்பாவி, ஒரு விளையாட்டுக்கா ஆத்தாவை இழுத்த?" என்று அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நான் நினைத்தது வேறு. கோல்ப் போனால் போகட்டும், அதோடு இந்தப் பேச்சும் போய்விடுமே! அடுத்த ஞாயிற்றிலிருந்து, எனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் அந்தப் பந்துக்காக வேண்டிக்கொண்டேன். நாகு காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்ட அதே சாமிகள்தான். இதையாவது கொடுங்கள் என்று சண்டையும் போட்டேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்குப் புல் அறுக்க யாருக்கும் கை ஓடவில்லை. தஸ்தகீர் பாய் முழங்கால் தண்ணீரில் நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். இவர் அடித்தார். பந்து ஏறியது. வழக்கத்தைவிடத் தள்ளியே போனது. தண்ணீரைத் தாண்டி அந்தக் கரைச் சேற்றில் போய் விழுந்தது! "ஹோய்!" என்று பாய் கத்தினார். நானும் அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்தேன். பந்து ஒரு நொடி நின்றது. அப்புறம் சரிவில் மெதுவாக உருண்டு, பின்னால் வந்து, தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

ராஜசேகரன்கூடச் சிரிக்கவில்லை. "போனா போவுதுய்யா, விளையாட்டுதானே. தாண்டினதாவே வெச்சிக்க" என்றார். இவர் நாலு மட்டையையும் பாயின் கையில் கொடுத்துவிட்டு வரப்பு மேல் நடந்து வந்துவிட்டார்.

நான் பயந்த மாதிரியே ஆனது. பொங்கல் வந்தது, போனது. மாட்டுக்குக் கொம்பில் சாயம் பூசும்போதுகூட ஒரு வார்த்தை இல்லை. சோறு போடட்டுமா? தலையாட்டல். குழம்பு போதுமா? கை. எல்லம்மன் கோயில் பூசாரியிடம் போய் அழுதேன். "அடிச்ச கற்பூரத்தை ஒட்ட வெக்க என்னால ஆவாதும்மா" என்று கையை விரித்துவிட்டார். அத்தை இவரைப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதும், வெளியே போவதுமாக இருந்தார். தன் வாயால் வந்த வினை என்று அவருக்கும் உறுத்தல்.

மாசி வெயிலில் ஒரு நாள் கொல்லையில் வடகம் பிழிந்து காயவைத்திருந்தோம். இவர் மாட்டுக்கொட்டகை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். காக்கா ஒன்று வடகப் பாயில் இறங்கிவிட்டது. "விரட்டுங்க!" என்று நான் சமையல்கட்டிலிருந்து கத்தினேன். எழுந்து, படலுக்கு முட்டுக் கொடுத்திருந்த மட்டையை எடுக்கப் போனார். வலது கை பாதி தூரம் போனது, நின்றது. சத்தியம் ஞாபகம் வந்திருக்கும் போல. கையை இழுத்துக்கொண்டார். இடது கையால் எடுத்தார்.

காலடியில் தென்னங்குரும்பை ஒன்று கிடந்தது. ஒற்றைக் கையாலேயே வீசி அதை ஒரு அடி அடித்தார். அம்மாடி! குரும்பை விர்ரென்று பாய்ந்து, காக்காவைத் தாண்டி, வைக்கோல் போரைத் தாண்டி, எங்கேயோ போய்விட்டது. காக்கா பறந்ததோ இல்லையோ, நான் பார்க்கவில்லை. இவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தையும் பார்த்துவிட்டார். கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்தார்.

"டேய் ஜம்பு, கற்பூரத்தை எந்தக் கையால அடிச்ச?"

வலது கையைக் காட்டினார்.

"ஆத்தா முன்னாடி இன்னா சொன்ன? இந்தக் கையால தொட மாட்டேன்னு தானே? அந்தக் கை தேமேன்னுதானே இருந்திச்சி? அது எந்தச் சத்தியமும் பண்ணலியே?"

நெடுநாள் கழித்து இவர் வாய் திறந்தது. "இன்னாம்மா, ஆத்தாகிட்டயே வக்கீலாட்டம் பேசுற?"

"அவளும் புள்ள பெத்தவதாண்டா. அவளுக்கு எல்லாம் தெரியும்."

சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த துண்டை உருவினார். இவருடைய வலது கையைப் பிடித்து இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். இவர் சின்னப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். "அன்னிக்கி அந்தக் கையக் கட்டினேன், இன்னிக்கி இதைக் கட்டறேன். சத்தியமும் காப்பாத்தியாச்சி" என்றார். முடிச்சுப் போடும்போது அத்தையின் மூக்கு சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தொலைத்தது.

அடுத்த ஞாயிறு, ஒரு கை கட்டு, ஒரு தோளில் கொசுறு மட்டை என்று என் வீட்டுக்காரர் தெருவில் நடந்து போனார். "இன்னா அண்ணாத்தே, கை ஒடிஞ்சிடுச்சா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று நின்று பதில் சொன்னார். வீட்டு வேலை முடியாததால் அன்றைக்கு என்னால் புல்லுக்குப் போக முடியவில்லை. சாயங்காலம் வரை உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். கால் முழுக்கச் சேறு. கையை அவிழ்த்துவிட்டு, தட்டுப் போட்டேன். காய்ந்த வடகத்தைப் பொரித்திருந்தேன். அத்தை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"மொத அடியிலயே தொரை தொப்பிய கழட்டிட்டாரு" என்று ஆரம்பித்தார். "ராஜசேகரன் மூஞ்சியப் பாக்கணுமே! பாய் பண்ண காரியத்தைக் கேளு. மட்டைய முத்தம் குடுத்து, கொசுறுல வந்த ராஜான்றாரு. ரெண்டாவது குழியில ஒரு எருமை குறுக்க வந்து நின்னுகிச்சி. அது கண்ணுல பட்டா இன்னா ஆவறதுன்னு நான் தள்ளி அடிக்க, பந்து போயி குப்பம்மா புல் கட்டுக்குள்ள பூந்துக்க, அவ அதைத் தலையில தூக்கி வெச்சிகினு நடந்துட்டா! நாங்க பின்னாடியே ஓடறோம்..."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை.

"தண்ணி?" என்றேன் கடைசியில். "தாண்டிச்சா?"

"எங்க தாண்டறது? ஏரியிலதான்" என்று சொல்லிவிட்டு அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே வடகத் தட்டுப் பக்கம் கையை நீட்டினார். நாளெல்லாம் வேலை செய்த பழக்கமோ என்னவோ, இடது கைதான் நீண்டது. அத்தையின் கை தன்னால் தட்ட எழுந்தது, எழுந்த இடத்திலேயே நின்றது. இவர் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதையே பார்த்தார்.

"நாகு இப்டித்தான் நீட்டுவான், இல்ல?" என்றார்.

ஆமாங்க என்று நான் சொன்னேன். அத்தை தட்டிலிருந்து ஒரு வடகத்தை எடுத்து, நீட்டிய அந்தக் கையிலேயே வைத்தார்.